சங்கு மணி, வீட்டு மணி

நம் வயதுக்காரர்கள் வளர்ந்த வீடுகளில் ஊசல் கடிகாரம் இருந்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூடத்துச் சுவரைப் பார்த்தால் போதும். கை எட்டாத உயரத்தில் ஒரு பெரிய ஆணி இருக்கும். அதற்குக் கீழே, விளக்குப் புகை படாமல், நீளவாக்கில் ஒரு வெள்ளைத் திட்டு. இன்னும் கீழே, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிய சிறு பிள்ளைகள் பிடிமானத்துக்குக் கை வைத்த அழுக்கு. இந்த மூன்றும் இருந்தால் அங்கே ஒரு கடிகாரம் தொங்கியது என்று அர்த்தம்.

போன மாதம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரி. நர்ஸ் கதவைத் திறந்து, "பொண்ணும்மா. பத்து நாற்பத்தொண்ணு. குறிச்சுக்கோங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தக் கடிகாரத்துல பார்த்தம்மா?"

"உள்ள சுவத்துல இருக்கே, அதுலதான்."

"அது சரியா ஓடுதா? யாராவது தள்ளி வச்சிருக்காங்களா? கொஞ்சம் பார்த்துட்டு வந்து சொல்றியா?"

மாப்பிள்ளை வந்து என் விரல்களைப் பிரித்து என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். பாட்டி ஆன சந்தோஷம், அதுதான் அத்தைக்குப் படபடப்பு என்று எல்லோரிடமும் சொன்னார். பேத்தியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் மூன்று பேருடைய செல்போனில் மணியைச் சரிபார்த்தேன். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் கடைசி. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஏர் பிடித்த குடும்பத்தில் முதல்முதலாக அப்பா கம்பெனி வேலைக்குப் போனார். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும், கேட்டை மூடிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி ஊதும், திறப்பார்கள். மழைக்காலத்து ஈரக் காற்றில் அந்தச் சத்தம் எங்கள் தெருவில் மாடுகளைக்கூடத் தலைநிமிர வைக்கும்.

கடிகாரம் அம்மாவின் சீரில் வந்தது. கறுப்பேறிய தேக்குப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே பித்தளை வட்டம் ஆடும் பெண்டுலம். முகத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று மணி அடிப்பதற்கு. வாரத்துக்கு ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை, இரண்டுக்கும் சாவி கொடுக்க வேண்டும். எண்களுக்குப் பதில் ரோமன் கோடுகள். நாலுக்கு நாலு கோடு. ஆறு தலைகீழாக நிற்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பிடித்தது.

ஆனால் படித்துவிட்டால் மட்டும் எங்கள் வீட்டில் மணி தெரிந்துவிடாது. அப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். அன்று வந்ததும் வராததுமாக ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். அன்று முதல் வீட்டு மணி ஒன்று, சங்கு மணி ஒன்று. வீட்டு மணியில் இருபதைக் கழித்தால் சங்கு மணி. எங்கள் தெருவில் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீடுகளில் பாதி இப்படித்தான். ஒரு வீட்டில் பத்து, இன்னொரு வீட்டில் அரை மணி. விருந்தாளி அண்ணாந்து பார்த்தாலே, "அதுல இருபது கழிச்சுக்கோங்க" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

எங்களுடன் மாமாவும் இருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளையை அம்மாதான் வளர்த்தார். கல்யாணமாகி வரும்போது கடிகாரத்தையும் தம்பியையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு வந்ததாக அப்பா கேலி செய்வார்.

"மச்சான், சீருல வந்தது ரெண்டு. ஒண்ணு மணிக்கு ஒரு தரம்தான் அடிக்குது. இன்னொண்ணு வாய மூடவே மாட்டேங்குது."

"மாமா, அதுக்கு வாரத்துக்கு ஒருவாட்டி சாவி குடுத்தா போதும். எனக்கு மூணு வேளையும் சோறு போடணும். பார்த்துக்கோ."

இருவரும் ஒரே கம்பெனி. காலையில் இரண்டு சைக்கிள்களும் ஒன்றாகத்தான் தெருமுனையில் திரும்பும்.

சாவி கொடுப்பது மாமாவின் வேலை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து என்னைத் தோளில் தூக்கி உட்கார வைப்பார். சீயக்காய் மணக்கும். நான் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சாவியைத் திருப்ப, நான் எண்ண வேண்டும். பதினாலு சுற்று, அதற்கு மேல் ஒன்று திருப்பினாலும் வில் அறுந்துவிடும் என்பார். கடிகாரத்தின் ஆணி சற்றுக் கோணலாக இறங்கியிருந்தது. அதனால் பெட்டி சாய்ந்து, டக் என்பது ஒரு நீளம், அடுத்த டக் இன்னொரு நீளம் என்று நொண்டும். மாமா ஒரு சினிமா டிக்கெட்டை நாலாக மடித்துப் பெட்டியின் இடது கீழ் மூலையில் சுவரோடு செருகி வைத்திருந்தார். அப்படியும் கொஞ்சம் நொண்டும். இருட்டில்கூட அந்த நடையை வைத்து எங்கள் கடிகாரம் என்று சொல்லிவிடலாம்.

"இன்னா வாத்தியாரே," என்று என்னைக் கேட்பார், "தனியா சாவி குடுக்கிறியா?"

"குடுக்கிறேன் மாமா."

"மொதல்ல மணியத் தப்பில்லாம பாரு. ஒரு மாசம். அப்புறம் சாவி ஒன்னோடது."

அந்தச் சாவிக்காக நான் ஏங்கிய ஏக்கத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். பித்தளைச் சாவி, வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு காது. வீட்டில் எனக்கென்று இருந்த பொருள் ஒரு சிலேட்டு மட்டும்தான்.

அந்த ஒரு மாதத்தில் ஒருமுறை தவறிவிட்டேன். அப்பாவின் அக்கா, மாங்காட்டு அத்தை, எங்கள் வீட்டில் தங்கிவிட்டு ஒரு திங்கட்கிழமை ஊருக்குக் கிளம்பினார். ஒன்பது வரைக்கும் ராகுகாலம். ஒன்பது ஆகிவிட்டதா என்று கேட்டார். நான் பார்த்தேன். ஒன்பது ஐந்து. ஆயிற்று என்றேன். இருபதைக் கழிக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் யாரோ ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்னும் ஒன்பது ஆகவில்லை என்று சொல்ல, அத்தை மூட்டையோடு திரும்பி வந்தார்.

"ஏண்டி, ராவுகாலத்துல என்ன அனுப்ப எத்தினி நாளா காத்துகினு இருந்த? இந்தப் பொண்ணுக்கு மணி பாக்கவே வரல. இவ கையில சாவிய வேற குடுக்கப் போறானாம் இவங்க மாமன்!"

சாயங்காலம் வேலை விட்டு வந்து இதைக் கேட்ட மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "இன்னும் ஒரு சான்ஸ் கீது வாத்தியாரே. இதுக்கு மேல இல்ல."

அம்மா அப்போது நிறைமாதம். அத்தை பிரசவத்துக்குத் துணையாக மறுபடி வந்தார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், கதவு சாத்தியிருந்தது, உள்ளே வெந்நீர் கொதிக்கும் வாசனை. மருத்துவச்சி வந்துவிட்டிருந்தார். அப்பாவும் மாமாவும் கம்பெனியில். அத்தை வெளியே தலையை நீட்டினார்.

"இங்கேயே நில்லு. கடியாரத்தையே பாத்துகினு இரு. கொயந்த அழுவுற சத்தம் கேட்டுதா, ஒடனே மணி சொல்லணும். புரியுதா? ஒழுங்கா சொல்லு."

ஸ்டூலில் ஏறி நின்றேன். கடிகாரத்துக்கும் எனக்கும் ஒரு முழ தூரம். அம்மாவின் குரல் கேட்கும்போதெல்லாம் பெண்டுலத்தை மட்டும் பார்த்தேன். ஐந்து அடித்தது. காதுக்குப் பக்கத்தில் அடித்ததால் ஸ்டூலே அதிர்ந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த அழுகை.

"அஞ்சு அஞ்சு!" என்று கத்தினேன்.

"அஞ்சு அஞ்சு," என்று உள்ளே அத்தை திருப்பிச் சொன்னார். "பொண்ணு."

நான் இறங்கவில்லை. பெருமையில் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம். அத்தை யாரிடமோ துணி கேட்டார். முள் நகர்ந்து நாலைத் தொட்டது. அப்போது தொழிற்பேட்டைப் பக்கமிருந்து சங்கு ஊதியது.

சங்கு ஊதுவது ஐந்துக்கு. குழந்தை பிறந்தது அதற்கும் கால் மணி நேரம் முன்னால். நாலே முக்கால். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஸ்டூலை விட்டு இறங்கினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

அரை மணியில் இரண்டு சைக்கிள்களும் வந்தன. அத்தை வாசலிலேயே சொன்னார்: "பொண்ணு பொறந்துகீது தம்பி. அஞ்சு அஞ்சுக்கு. ஒன் பொண்ணுதான் மணி பாத்தா."

அப்பா என்னைப் பார்த்தார். "ஊட்டு மணியா, சங்கு மணியா?"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவும்.

"கழிச்சுதான் சொன்னேன் நைனா."

"அப்போ நான் சைக்கிள் ஸ்டாண்டுல பூட்டத் தொறந்துகினு இருந்திருக்கேன்!" அப்பா சிரித்தார். சாகும்வரை அவர் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் பிறந்த நேரத்தில் தான் எங்கே நின்றோம் என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. அவர் நின்றதாகச் சொன்ன இடம் பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மாமா யாரையும் கேட்கவில்லை. கை கழுவக்கூட இல்லை. நேரே உள்ளே போய், கிரீஸ் பட்ட கையால் துணியோடு குழந்தையை வாரி முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஏதோ சொன்னார். படுத்திருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரு பாஸ். ஞாயித்துக்கெழமை சாவி ஒன்னோடது."

மறுநாள் அப்பா ஜோசியரிடம் போனார். நானும் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து போனேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி விரல் விட்டு எண்ணினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு அம்பத்தஞ்சு வரைக்கும் கார்த்திகை. அதுக்கு மேல ரோகிணி. ஒரு பத்து நிமிஷம் முன்னாடி பொறந்திருந்தா ஒண்ணுமில்ல. ரோகிணி தாய்மாமனுக்கு ஆகாதே."

நான் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் இல்லை, இருபது நிமிஷம் முன்னால் பிறந்தாள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. சாவி நினைவுக்கு வந்தது. ஆகாது என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஏதோ ஜுரம் மாதிரி என்று நினைத்தேன்.

"பயப்படாதே. கிண்ணத்துல எண்ணெய் ஊத்தி அதுல கொழந்தை முகத்தை மாமன் பார்க்கட்டும். அப்புறம் நேருல பார்க்கலாம்."

"நேத்தே நேரா பார்த்துட்டானே சாமி."

ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். "அப்போ வருஷம் திரும்புற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே கூரையில வேணாம்."

வீட்டில் மாமா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் அரைமனதாகத்தான் இருந்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் முடிவு செய்தது அம்மா. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு வருஷம்தானே. எங்கனா ரூம் பாத்துகினு இருடா. எனக்கு நீ ஒருத்தன்தான்டா கீற."

"இன்னாக்கா, இத்துனூண்டு கொயந்தைக்கு பயந்து என்ன தொரத்துற?"

"போடா, சொல்றேன்ல!"

அந்த வாரமே மாமா பூந்தமல்லியில் கம்பெனித் தோழர் ஒருவருடைய அறைக்குப் போய்விட்டார். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய். காலையில் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து அம்பத்தூர் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வீட்டுக்குள் வர மாட்டார். தெருமுனைக் குழாயடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பார். நான் ஓடுவேன். அம்மா தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்தனுப்புவார். தானும் வாசல்வரை வந்து, தூரத்திலிருந்து தம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இன்னா வாத்தியாரே, சாவி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எத்தினி சுத்து?"

"ரெண்டுக்கும் பதினாலு."

"சபாஷ். டிக்கெட்டு கீழ உழுந்துடப் போவுது, பாத்துக்கோ. பாப்பா எப்படிகீது? சிரிக்குதா?"

"சிரிக்குது மாமா."

"ஆமா, மாமன வெளிய தள்ளிட்டம்ல, சிரிக்காம இன்னா பண்ணும்."

ஆமாம், சாவி எனக்குக் கிடைத்துவிட்டது. எதற்காகப் பொய் சொன்னேனோ அதுவே கையில் இருந்தது. ஆனால் மாமாவின் தோள் இல்லை. ஸ்டூலுக்கு மேல் ஒரு மரப்பெட்டியை வைத்து, தனியாக ஏறி, தனியாக எண்ணினேன். ஒரு ஞாயிறும் அது நன்றாக இல்லை.

ஒருநாள் குழாயடியில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரூமுல ஒரு டைம்பீஸ் கீது மாமா. கரெக்டா ஓடுது. அதான் ரோதனை. நம்ம ஊட்டு மணின்னா இருபது நிமிஷம் கையில இருக்கும். இது கரெக்டா காட்டிகினு என்ன லேட்டாக்குது."

அன்று சிரித்தோம்.

கார்த்திகை மாதம், இரண்டு நாளாக விடாத மழை. குழந்தைக்கு மூன்று மாதம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் அப்பா நனைந்தபடி திரும்பி வந்தார். கம்பெனி நாளில் அந்த நேரத்தில் அப்பாவை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. வேலப்பன்சாவடிப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி. மாமா கிளம்பும்போதே நேரமாகிவிட்டதாம், மழையில் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்திருக்கிறார். அப்பா சொல்லி முடிப்பதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை மாங்காட்டிலிருந்து வந்து வாசலிலேயே ஆரம்பித்தார். "மூணே மாசம்! மூணே மாசத்துல மாமன முழுங்கிட்டாளே!"

மூன்று நாள் குழந்தைக்கு அம்மா பால் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பசும்பாலைச் சங்கில் புகட்டினார். குழந்தை அழுதபோதெல்லாம் நான் புழக்கடைக்குப் போய்விடுவேன். அவளுடைய பசிக்கு நான்தான் காரணம் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். சொன்னால் மாமா திரும்பி வர மாட்டார் என்பது மட்டும் ஒன்பது வயதுக்குத் தெரிந்திருந்தது. பொய் சொன்னதுதான் அவரைக் கொன்றது என்பதும் தெரிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாள் இருக்கும். சாயங்காலம். அம்மா சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. எப்போதும் ஊதுவதுதான். அம்மா திடீரென்று தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபது. மடியில் பால் குடிக்கும் குழந்தையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் சிலேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாவியை எடுத்தபோது அம்மா கையை நீட்டினார்.

"குடு."

கொடுத்தேன். தன் டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மூன்று நாள் கழித்து, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கடிகாரம் நின்றுபோயிருந்தது. தம்பி சாவி கொடுத்த கடிகாரம் இனி ஓட வேண்டாம் என்று அம்மா நினைத்ததாக எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். அப்பா ஒரு டைம்பீஸ் வாங்கி வந்து, அதையும் இருபது நிமிஷம் தள்ளி வைத்தார்.

ஆண்டு நிறைவுக்குக் காது குத்தினார்கள். நமக்குத் தெரியும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வெற்றிலை போடப் போனார். இன்னொருவருக்கு முதுகு வலி. ஆசாரி கம்பியோடு காத்திருந்தார். "எவன் மடியும் வேணாம். நான் பெத்தேன், என் மடியிலயே உக்கார வச்சு குத்து" என்று அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டார்.

என் தங்கை அப்படித்தான் வளர்ந்தாள். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், மாப்பிள்ளை எதிரே வந்து நிற்காதே என்று ஓரமாகத் தள்ளுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, மாமனுக்கு நடந்தது உண்மையா என்று தெருவில் விசாரிப்பார்கள். முப்பத்தொரு வயதில், ஜாதகமே கேட்காத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு நூம்பலில் குடியேறினாள். நான் பன்னிரண்டு வயதில் சொல்லிவிட நினைத்தேன். கல்யாணத்தின்போது நினைத்தேன். அப்பா இறந்தபோது நினைத்தேன். என் பிள்ளைகள் பிறந்தபோது, வலியிலும் மூன்று கடிகாரங்களைப் பார்க்கச் சொன்னேன். சொல்லவில்லை.

அம்பத்தூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அம்மா கடைசிக் காலத்தில் என்னுடன் வரவில்லை. நூம்பலுக்கு, அவளுடன்தான் போனார். போன வருஷம் அங்கேயே கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரியில் அன்று நர்ஸின் கையைப் பிடித்த பிறகு என்னால் இதை மேலும் மறைத்து வைக்க முடியவில்லை. பேத்தியின் பெயர் சூட்டு விழாவுக்கு அழைக்கிற சாக்கில் போன வாரம் நூம்பல் போனேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டது. டக், ஒரு நீளம். டக், இன்னொரு நீளம். பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நிமிர்ந்தால், கூடத்துச் சுவரில் எங்கள் கடிகாரம். இடது கீழ் மூலையில், பழுப்பேறி, நாலாக மடித்த டிக்கெட்டு.

"பரண்மேல இருந்துச்சுக்கா," என்றாள். "அம்மாவுக்கு வருஷம் திரும்பினதும் ரிப்பேர் பண்ணி மாட்டினேன். டிக்கெட்டு உள்ளயே கிடந்துச்சு. ஆணி இங்கயும் கோணலாத்தான் எறங்குச்சு, அம்மா சொல்லியிருந்த மாதிரியே அத மூலையில செருகிட்டேன்."

காபி வைத்தாள். நான் குடிக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நாற்பது வருஷம் யோசித்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கு நான் கழிக்கலடி," என்றேன். "நீ பொறந்தன்னிக்கு. கழிச்சேன்னு நைனாகிட்ட பொய் சொல்லிட்டேன். நீ ரோகிணி இல்ல."

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "தெரியும்க்கா."

"எப்படிடி?"

"அம்மா படுக்கையில விழுந்தப்புறம் சொல்லிச்சு. நான் பொறந்தப்போ, குளிப்பாட்டி, துணி சுத்தி, மொத மொத பால் குடுக்கும்போதுதான் சங்கு ஊதிச்சாம். அப்போ ஒடம்பு இருந்த இருப்புல அது மனசுல ஏறல. மாமா போனதுக்கப்புறம், ஒருநாள் எனக்குப் பால் குடுத்துகினு இருக்கும்போது சங்கு ஊதிச்சாம். அப்பதான் ஒறைச்சுதாம்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா? என்னப் பழிச்ச வாய் எல்லாம் ஒன்னப் பழிக்கும். நான் கைக்கொழந்த, எனக்குப் புரியாது. நீ ஒம்போது வயசு, ஒனக்குப் புரிஞ்சிடும்னு நினைச்சுதாம்." அவள் என் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள், ஆறிப்போயிருந்தது. "என்கிட்டயும் சத்தியம் வாங்கிச்சு. அக்காகிட்ட கேக்காதடி, அவ சின்னப் பொண்ணுன்னு. ஒனக்கு அம்பது வயசு அப்போ."

தம்பியைத் தன் வாயாலேயே போகச் சொன்னவர் அம்மா. அது வீண் என்று தெரிந்த பிறகும் அந்தப் பழியை என் மேல் இறக்கி வைக்காமல், சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் அதைத் துக்கம் என்று நினைத்தேன். என்னைப் பார்த்த அந்தப் பார்வையைக் கோபம் என்று நினைத்து, அம்மாவிடமிருந்து எத்தனையோ வருஷம் தள்ளியே இருந்தேன்.

"ஒனக்கு என்மேல கோபம் இல்லியா?"

"இருந்துச்சு," என்றாள். "அம்மா சொன்ன அன்னிக்கு நைட்டெல்லாம் இருந்துச்சு. கொஞ்சம் இன்னமும் கீது. அத விடு."

கடிகாரம் ஆறு அடித்தது. ஆறரைக்கு எனக்குப் பஸ். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருக்கா. அதுல இருபது கழிக்கணும்."

"இன்னும் எதுக்குடி அது?"

"ரிப்பேர்காரன் கரெக்டாதான் வச்சுக் குடுத்தான். நான்தான் தள்ளி வச்சேன். நம்ம ஊட்டு மணி அப்படித்தானே." என் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. மாமா என்னத் தூக்கிட்டாராமே. நேரா முகத்தப் பார்த்துட்டார், அதான் தப்பாப் போச்சுன்னு அத்தை சொல்லிச் சொல்லிக் காமிக்கும். பார்த்துட்டு என்ன சொன்னாருன்னு மட்டும் ஒருத்தரும் சொன்னதில்ல. நீ பக்கத்துல இருந்தல்ல?"

இருந்தேன். மாமாவின் கையில் கிரீஸ். அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்குள் அவள் முழுசாக அடங்கியிருந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தவள், வெளிச்சம் பட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"'எம்மா, எங்கம்மா திரும்பி வந்துடுச்சு பாருக்கா. அதே மொறைப்பு'ன்னாரு."

தங்கை சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுக்கா," என்றாள்.

சொன்னேன்.